கடற்காவலும் அதற்குரிய செலவும்

கரையில் வாழ்வார்க்குக் கடல் தாயுமாகும். சில வேளைகளிற் கூற்றுவனுமாகும். புயலாலும் பேரலையாலும் வருங் கேடு கண்ணுக்குப் புலனாவது, காதுக்குங் கேட்பது. ஆயின், அமைதியான நீரிலே, ஆரவாரம் எதுவுமின்றி, கண்ணுக்குத் தோன்றாத நுண்ணுயிர்களால் விளையுங் கேடு ஒன்றுண்டு. அதுவே நச்சுப் பாசிப் பெருக்கு எனப்படுவது. இக்கேட்டை ஓரளவு முன்னறிந்து கூறும் ஆற்றலை விஞ்ஞானம் இன்று பெற்றுள்ளது. எனினும், அவ்வாற்றலை ஆண்டுதோறும் இடையறாது பயன்படுத்துதற்கு வேண்டிய பொருளை யார் கொடுப்பது என்னும் வினா இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. அறிவைத் தேடுஞ் செலவு ஒன்று. தேடிய அறிவைப் பேணுஞ் செலவு மற்றொன்று. இரண்டாவதே இக்கட்டுரையின் பொருளாகும். ஐக்கிய அமெரிக்க நாட்டின் கரைகளிலும் ஏரியொன்றிலும் நிகழ்ந்தவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

நஞ்சின் பிறப்பு

1793ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்து படம் வரைந்த கப்பற்றலைவர் ஜோர்ஜ் வன்கூவர் என்பாரின் மாலுமிகள் சிலர், கரையிற் பொறுக்கிய சிப்பிகளைக் காலையுணவாக உண்டனர். சிறிது நேரத்தில் அவர்தம் முகமும் கைகால்களும் மரத்துப்போயின, உடல் சோர்ந்தது. ஜோன் காட்டர் என்னும் மாலுமி அன்றே உயிர்நீத்தான். வன்கூவர் அவ்விடத்துக்கு ‘நச்சுக் குடா’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். கனடா நாட்டுப் படங்களில் அப்பெயர் இன்றும் உளது.

அந்நஞ்சு சிப்பியிற் பிறந்ததன்று. கடல்நீரில் மிதக்கும் ஓரணுப் பாசிகளுள் ஒருசில இனங்கள் தம்முள் நஞ்சை உண்டாக்குகின்றன. சிப்பி, மட்டி முதலியன நீரை உள்வாங்கி, அதிலுள்ள பாசியை வடித்துண்டு வாழ்வன. நச்சுப் பாசி நீரில் அருகியிருக்கும்போது பெருந்தீங்கில்லை. அது பெருகுங்காலத்திலோ நஞ்சு அவற்றின் ஊனில் நாளுக்குநாள் சேர்ந்து திரள்கின்றது. சிப்பி பெரும்பாலும் நலமாகவே இருக்கும்; அதனை உண்டாரே இடர்ப்படுவர். நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் இந்நஞ்சை அறிய முடியாது; சமைத்தாலும் அஃது அழிவதில்லை. எனவே, உண்பவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வழியில்லை. அவனுக்காக வேறொருவர் நீரைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. பாசியினம் முழுவதும் பகையன்று. கடல்வாழ் உயிர்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை உணவு பாசியே; நாம் உயிர்க்கும் ஒட்சிசனிற் பெரும்பங்கையும் அதுவே ஆக்கித் தருகின்றது. பல்லாயிரம் இனங்களுள் மிகச் சிலவே தீங்கு செய்வன. அவையும் எக்காலத்தும் தீங்கு செய்வன அல்ல. ஆதலின், ‘எந்த இனம், எந்த நீரில், எப்பொழுது’ என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே காவலாளர் தொழிலாகும்.

தீங்கின் வகைகளும் பலவாம். 1987ஆம் ஆண்டிற் கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவிலிருந்து சென்ற சிப்பிகளை உண்டோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர், வேறு சிலருக்கு நினைவாற்றலே கெட்டுப்போயிற்று. ‘டொமோயிக் அமிலம்’ என்னும் நஞ்சே இதற்குக் காரணம் என்பதும், ‘சூடோ-நிட்சியா’ என்னும் பாசியினமே அதனை ஆக்குவது என்பதும் அதன் பின்னரே தெளிவாயின. புளோரிடா மாநிலத்தின் மேற்குக் கரையிலோ ‘கரேனியா பிரெவிஸ்’ என்னும் பாசி பெருகுகின்றது. அலைகளில் மோதி அதன் உடல் உடைய, நஞ்சு நீர்த்திவலைகளோடு காற்றிற் கலந்து, கரையில் நடப்போர்க்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். 2017ஆம் ஆண்டின் இறுதியில் அங்குத் தோன்றிய பெருக்கு 2019ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நீடித்து, மீன்களையும் ஆமைகளையும் கடற்பசுக்களையும் பெருந்தொகையாகக் கொன்றது.

வித்தும் உணவும் காற்றும்

மழையை முன்னறிவதுபோலப் பாசிப் பெருக்கையும் முன்னறிய இயலுமா? இயலும், ஆனால், எல்லா நீருக்கும் ஒரே சூத்திரம் பயன்படாது. மூன்று இடங்களை ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை விளங்கும்.

முதலாவது, அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மேயின் வளைகுடா. அங்குள்ள ‘அலெக்சாந்திரியம்’ என்னும் பாசி, பருவம் முடிந்ததும் தடித்த உறையுடைய வித்துப்போன்ற உருவெடுத்துக் கடலடிச் சேற்றில் உறங்குகின்றது; இளவேனிலில் விழித்து மேலெழுகின்றது. வயலில் எத்துணை வித்துக் கிடக்கின்றது என்று அறிந்தவன் விளைவை ஒருவாறு மதிப்பிடலாமன்றோ? அதுபோலவே, வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டொன் அண்டர்சனும் அவர்தங் குழுவினரும் கடலடிச் சேற்றை அள்ளி, அதிலுள்ள வித்துக்களை எண்ணிக் கணக்கிட்டனர். 2005ஆம் ஆண்டில் அக்கரையை ஒரு பெரும்பெருக்கு வாட்டிய பின் இம்முயற்சி மேலும் வலுப்பெற்றது. 2008ஆம் ஆண்டு இளவேனிலில், ‘இவ்வாண்டு பெருக்கு மிகும்’ என முன்னறிவித்தனர்; அவ்வாறே மிகுந்தது.

இரண்டாவது, ஈரி ஏரி. இதன் மேற்குப் பகுதியிற் பெருகுவது ‘மைக்குரோசிஸ்ரிஸ்’ என்னும் நீலப்பச்சைப் பாசி. இங்கு வித்தைக் காட்டிலும் உணவே முதன்மையானது. மொமீ என்னும் ஆறு வயல்நிலங்களின் உரத்தைக் கழுவி, பொசுபரசை ஏரிக்குக் கொண்டுவருகின்றது. மார்ச்சு முதல் யூலை வரை அவ்வாறு எவ்வளவு பொசுபரசைச் சுமந்து வந்ததோ, அதனைக்கொண்டே அவ்வாண்டுக் கோடையின் பெருக்கைக் கணிக்கின்றனர். 2012ஆம் ஆண்டு முதல் இப்பருவ முன்னறிவிப்பு வெளிவருகின்றது.

மூன்றாவது, பசிபிக் கரையிலுள்ள வாசிங்டன் மாநிலம். அங்கே யுவான் டி பூக்கா நீரிணையின் வாயிலில், கோடைகாலத்தில் மெல்லச் சுழலும் ஒரு பெரும் நீர்ச்சுழி உண்டாகின்றது. ‘சூடோ-நிட்சியா’ பாசி அச்சுழியிற் செழித்து வளரும். வடகாற்று வீசும்வரை நச்சுநீர் கரையை விட்டு விலகியே நிற்கும். தென்திசையிலிருந்து புயற்காற்று அடிக்குமாயின், அது கரையை நோக்கித் தள்ளப்படும். ஆகவே, இங்கே சுழியிலுள்ள பாசியையும் காற்றின் திசையையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

ஓரிடத்தில் வித்து, ஓரிடத்தில் உணவு, ஓரிடத்திற் காற்று. தலைநகரில் இருந்துகொண்டு நாடு முழுவதற்கும் ஒரே அறிவிப்பை விடுத்தல் இயலாதென்பதற்கும், அந்தந்தப் பிரதேசத்துக்குரிய காவல் அங்கங்கே வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. செய்மதியிலிருந்து பார்த்தால் நீரின் நிறம் தெரியும். நிறம் தருவது நச்சுப் பாசியோ நற்பாசியோ என்பது பெரும்பாலும் தெரியாது. கரையிலுள்ள ஒருவர் புட்டியில் நீரெடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணவேண்டும்.

முன்னறிவிப்பின் இருவகையும் ஒரு தவறும்

2014ஆம் ஆண்டு ஓகஸ்டு 2ஆந் தேதி அதிகாலையில், ஈரி ஏரிக்கரையிலுள்ள ரொலீடோ நகரத்தார்க்குக் குழாய்நீரைப் பருகவேண்டாம் என்னும் அறிவித்தல் விடுக்கப்பட்டது. நீரிற் பாசி நஞ்சு கலந்திருந்தது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஏறக்குறைய நான்கு இலட்சம் மக்கள் மூன்று நாள்கள் வரை ஏரியின் அருகிருந்தும் குடிநீரின்றித் தவித்தனர். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவ்வாண்டுப் பெருக்கு மிகப் பெரியதொன்றன்று என்பதே. அடுத்த ஆண்டிலே, 2015இல், அதனினும் மிகப் பெரிய பெருக்கு உண்டாயிற்று. எனினும் அத்தகைய தடை நேரவில்லை. 2014இற் காற்றும் அலையும் பாசியை நகரத்தின் நீர்வாங்கும் இடத்துக்கே கொண்டு சேர்த்துவிட்டன. எனவே, ‘இவ்வாண்டு எப்படி’ என்னும் பருவ முன்னறிவிப்பு மட்டும் போதாது. ‘நாளை எங்கே’ என்னும் அன்றாட முன்னறிவிப்பும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

முன்னறிவிப்புப் பிழைபடுவதும் உண்டு. 2010ஆம் ஆண்டு மேயின் வளைகுடாவின் சேற்றில் வித்துக்கள் மிகுதியாகக் காணப்பட்டமையால், பெரும்பெருக்கு வரும் என அறிவித்தனர், அது வரவில்லை. காரணம் ஆராய்ந்தபோது, அவ்வாண்டு வளைகுடாவின் நீரே மாறுபட்டிருந்தமை புலனாயிற்று. வித்து இருந்தும் நிலம் ஒத்துவரவில்லை என்க. அவ்வாண்டின் நீரை அளந்து குறித்து வைத்திருந்தமையாலன்றோ இக்காரணத்தைக் காண முடிந்தது! காவல் இல்லாதிருந்தால், பிழை பிழையாகவே நின்றிருக்கும். அதிலிருந்து கற்பதற்கு ஒன்றும் இருந்திராது. பெருக்கு வந்த ஆண்டின் கணக்கைப் போலவே வராத ஆண்டின் கணக்கும் விலைமதிப்புடையது.

பொருள் எங்கே தடைப்படுகின்றது?

இவ்வளவு தெளிந்த பின்னும் தடை எங்கே எனில், பொருள் வரும் முறையிலேயே உளது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நச்சுப் பாசி பற்றித் தனிச் சட்டமொன்றை இயற்றியது. பின்னர் அது பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தமும், 2019ஆம் ஆண்டு சனவரியில் ஒப்பமிடப்பட்ட திருத்தமும் ஆண்டொன்றுக்கு 205 இலட்சம் டொலர் வரை செலவிட அதிகாரமளித்தன. ஆனால், அமெரிக்க முறையில் அதிகாரமளித்தல் வேறு. பணத்தை ஒதுக்குதல் வேறு. சட்டத்திற் கண்ட தொகை, அவ்வவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றாலன்றிக் கைக்கு வாராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் நம் பழமொழி அங்கும் பொருந்துகின்றது.

அதனினும் நுட்பமான தடையொன்று உண்டு. ஆராய்ச்சிக்கு வழங்கும் மானியம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே உரியது. அது புதியதொன்றைக் கண்டறியும்பொருட்டுக் கொடுக்கப்படுவது. புதிய முறை வெற்றி பெற்றுவிட்டால், ‘இஃது இனி ஆராய்ச்சியன்று, ஆகவே எம்பொறுப்பன்று’ என்பர் ஆராய்ச்சிக்குப் பொருளளிப்போர். ‘இஃது எமது வழக்கமான சேவைகளுள் ஒன்றன்று’ என்பர் அரசாங்கப் பகுதியினர். இவ்விருவர்க்குமிடையில், நன்கு பயன்பட்ட காவல் கைவிடப்படும் நிலையை அடைகின்றது. தோல்வியுற்ற முயற்சி நின்றுபோதல் இயல்பு. வெற்றி பெற்றமையாலேயே ஒரு முயற்சி பொருளின்றி நிற்க நேர்வது விந்தையன்றோ?

கேடு வந்த பின்னரோ பொருள் வருகின்றது. 2015ஆம் ஆண்டில், கடல் வழமைக்கு மீறி வெப்பமுற்றிருந்த காலத்தில், கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை ‘சூடோ-நிட்சியா’ பெருகிற்று. வாசிங்டன் கரையில் மட்டி எடுத்தல் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தொடங்கவேண்டிய கலிபோர்னிய நண்டுப் பருவம் அடுத்த ஆண்டு மார்ச்சு வரை பின்போடப்பட்டது. வலையும் படகும் கரையிற் கிடக்க, தவணைக்கடனும் குடும்பச் செலவும் மீனவரை நெருக்கின. கலிபோர்னிய நண்டுப் பிடிப்பாளர்க்கென ஏறக்குறைய 250 இலட்சம் டொலர் நிவாரணத்தை அரசாங்கம் பின்னர் ஒதுக்கியது. எப்பொழுது? 2018ஆம் ஆண்டில். காவல் இருந்திருப்பின் பாசி பெருகாதிருந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. காவலாற் பெருக்கைத் தடுத்தல் இயலாது. ஆயின், எங்கு எப்பொழுது தொழில் செய்யலாம், எங்குச் செய்யலாகாது என முன்கூட்டியே அறிதல் நட்டத்தைச் சுருக்கும்.

வாசிங்டன் கரையோர் கண்ட வழி

இத்தடையை ஓரளவேனுங் கடந்த கரையொன்றின் கதை நம் சிந்தனைக்கு உரியது. வாசிங்டன் மாநிலத்தின் மணற்கரைகளிற் சவரக்கத்தியின் பிடியைப்போல நீண்ட ஓடுடைய மட்டியொன்று மிகுதியாக வாழ்கின்றது. கடல் வற்றும் வேளையில் மண்வெட்டியும் வாளியும் ஏந்திய பல்லாயிரவர் குடும்பம் குடும்பமாக அங்குக் கூடுவர். கரையோரச் சிற்றூர்களின் விடுதிகளும் கடைகளும் பெரிதும் அவர்களை நம்பியே வாழ்கின்றன. குவினோல்ட் முதலிய பழங்குடி மக்களுக்கோ அம்மட்டி தொன்றுதொட்ட உணவு, சடங்குகளில் இடம்பெறுவது, வருவாயுமாவது.

1991ஆம் ஆண்டில் இம்மட்டியில் டொமோயிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நஞ்சு இம்மட்டியின் ஊனிலே பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், தங்கிநிற்பது. ஆகவே, 1991இலும் மீண்டும் 1998இலும் கரைகள் நெடுங்காலம் மூடப்பட்டன. அந்நாளில் மட்டியின் ஊனைச் சோதிப்பது ஒன்றே வழி. ஊனில் நஞ்சு காணும்போது கேடு ஏற்கெனவே வந்துவிட்டது என்பது பொருள்.

இந்நிலையில், மாநில அதிகாரிகள், பழங்குடிக் குழுக்கள், பல்கலைக்கழகத்தார், மத்திய அரசாங்க விஞ்ஞானிகள், மட்டித் தொழிலாளர் ஆகியோர் ஒன்றுகூடி, ஒலிம்பிக் பிரதேச நச்சுப் பாசிக் கூட்டுக்குழு என்னும் அமைப்பை 2000ஆம் ஆண்டளவில் தொடங்கினர். பயிற்சிபெற்றோர் கரைகளில் ஒழுங்காக நீரெடுத்து நச்சுப் பாசியை எண்ணத் தலைப்பட்டனர். நீரிற் பாசி பெருகத் தொடங்கும்போதே எச்சரிக்கை எழும். உடனே மட்டியின் ஊனை அடிக்கடி சோதிப்பர். நஞ்சில்லாத கரையைத் திறந்துவைத்து, நஞ்சுள்ள கரையை மட்டும் மூடுதலும் எளிதாயிற்று. காவலின் பயன் மூடுதல் மட்டுமன்று. திறந்துவைக்கத்தக்கதை அச்சமின்றித் திறந்துவைத்தலும் அதன் பயனே.

தொடக்கத்தில் மத்திய அரசாங்கத்தின் ஐந்தாண்டு மானியமே இதற்கு ஆதாரமாயிற்று. அது முடிந்தால் என்செய்வது? மாநிலச் சட்டமன்றம் ஒரு வழி கண்டது. மட்டி எடுப்போர் பெறும் அனுமதிப் பத்திரத்தின் மீது சில டொலர் மேலதிகக் கட்டணம் விதித்து, அப்பணத்தை நஞ்சு சோதனைக்கும் நீர்க் கண்காணிப்புக்குமென ஒதுக்கியது. மட்டியை உண்பாரே, அதனை அச்சமின்றி உண்பதற்குரிய காவலுக்கும் சிறிது சிறிதாகப் பொருள் தருகின்றனர். பங்கு சிறிது, கொடுப்போர் பலர், வருவாய் ஆண்டுதோறும் தொடர்வது. காவலின் பயன் கொடுப்போர்க்கே மீள்வதால், மனக்குறைக்கும் இடம் சிறிதே.

ஆயினும், இவ்வழியை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்ளலாகாது. கரைகள் நெடுங்காலம் மூடியிருக்கும் ஆண்டில் அனுமதிப் பத்திரம் பெறுவோர் குறையக்கூடும். காவல் மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே வருவாய் சுருங்கக்கூடும். அன்றியும், கரையில் நின்று நீரெடுக்க இக்கட்டணம் உதவும். ஆழ்கடலுக்குக் கப்பல் அனுப்பவும், நீரோட்டத்தைக் கணினியிற் கணிக்கவும், செய்மதியைச் செலுத்தவும் அது போதாது. யுவான் டி பூக்கா சுழியின் வழியில், நீரைத் தானே எடுத்துச் சோதித்துச் செய்தி அனுப்பும் இயந்திரமொன்றை 2016ஆம் ஆண்டில் நிறுத்தியபோது மத்திய அரசாங்கத்தின் துணையே வேண்டியிருந்தது. கரையெண்ணிக்கை, கடற்செய்தி, காற்றுக் கணிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்தே அப்பிரதேசத்து முன்னறிக்கை வரையப்படுகின்றது. ஒரு கால் முறிந்தாலும் முக்காலி நில்லாதன்றோ? பெருஞ்செலவை நாடு ஏற்க, அன்றாடச் செலவைப் பிரதேசம் ஏற்பதே நிலைபெறத்தக்க ஒழுங்கு எனத் தோன்றுகின்றது.

ஒரு கல்லூரியின் பணி

ஈரி ஏரியின் முன்னறிவிப்புக்கு மொமீ ஆற்றின் பொசுபரசுக் கணக்கே அடிப்படை என்று மேலே கூறினோம். அக்கணக்கை எழுதி வருவது யார்? ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள ஹைடல்பேர்க் என்னும் சிறிய கல்லூரி; இன்று அது பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1969ஆம் ஆண்டில், டேவிட் பேக்கர் என்னும் பேராசிரியர் அங்கு நீராய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1970களின் நடுப்பகுதி முதல் மொமீ ஆற்றின் நீரை அவர்கள் எடுத்துச் சோதித்து வருகின்றனர். தொடங்கிய நாளில், நாற்பதாண்டுகளுக்குப் பின் ஒரு நகரத்தின் குடிநீர் பற்றிய வினாவுக்கு இக்கணக்கே துணையாகும் என்று எவர் அறிந்திருப்பர்? நடுவிற் பத்தாண்டு நிறுத்தியிருப்பின் பின்னர் எத்துணைப் பொருள் கொடுத்தும் அவ்விடைவெளியை நிரப்ப முடியாது. கடந்துபோன நாளின் நீரை எவரும் இன்று அள்ளமுடியாதன்றோ?

யூபிலி ஆண்டிலே பழைய மாணவர்கள் தம் கல்லூரிக்கு என் செய்யலாம் என எண்ணுவது இயல்பு. மண்டபமும் மாடியும் கண்ணுக்குத் தெரிவன, அவற்றைக் கட்டுதற்கு முன்வருவோர் பலர், அது போற்றத்தக்கதே. ஆய்வுகூடத்துக்கு ஆண்டுதோறும் வேண்டிய கண்ணாடிப் புட்டிகளும் இரசாயனப் பொருள்களும், நூல்நிலையத்துக்கு மாதந்தோறும் வரவேண்டிய சஞ்சிகைகளும் கல்வெட்டில் ஏறுவன அல்ல. எனினும், ஒரு கல்லூரியின் நற்பணி நின்று நிலவுவது அத்தகைய சிறு செலவுகளாலேயே என்பதற்கு மொமீ ஆற்றின் நீரைச் சோதித்துவரும் அக்கல்லூரி சான்றாகும். பெருந்தொகையை ஒருமுறை கொடுக்க இயலாதார் சிறுதொகையை ஆண்டுதோறும் கொடுக்கலாம். அவ்வாறு கொடுப்பாரையும் கல்லூரிச் சமூகம் நன்றியோடு நினைவுகூரும் என்பது எமது நம்பிக்கை.